பித்தளைத் துண்டும் தாழ்ந்த தட்டும்

பௌதிக வகுப்பில் சேருகிறவனைப் பிடித்து நிறுத்தி, உடம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பார்கள் என்று நான் நம்பினேன். கத்தாமல் நிற்கிறவனை உள்ளே வைத்துக்கொண்டு, கத்துகிறவனை வெளியே அனுப்பிவிடுவார்களாம். சும்மா நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பயிற்சியும் எடுத்தேன்.

அந்தக் காலத்தில், இலங்கை மலைநாட்டுப் பதுளையில், மின்சாரம் என்றால் ஐப்பசியில் நமுணுகுலை மலைக்கு மேல் மின்னுவதோடு சரி. கடைவீதி முழுக்க மண்ணெண்ணெய் விளக்குதான். பயிற்சி எடுக்க ஆசைப்படுகிறவன் எங்கே போவான்? வழி சொன்னவன் எங்கள் மளிகைக் கடை மாடியில் தங்கிப் படித்த சிநேகிதன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய கங்காணியின் மகன். முந்தைய வருடமே பௌதிக வகுப்பில் சேர்ந்து, ஒரே மாதத்தில் வெளியே அனுப்பப்பட்டவன். திரும்பவும் சேரப் போகிறான். ஆகையால் இந்த விஷயத்தில் அவன்தான் எனக்கு வேதம்.

"எப்படிடா இருக்கும்?" என்று கேட்டேன்.

"செந்தட்டி தெரியும்ல? அது தோலுக்கு மேல அரிக்கும். இது எலும்புக்குள்ள அரிக்கும்."

"நீ கத்துனியா?"

"நான் எங்கடா கத்துனேன்? என் வாய் கத்திருச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

இப்படி ஒருவன் சொல்லிவிட்டால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? மறுநாள் மாலை கடைக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் இறங்கினேன். செந்தட்டிப் புதரைப் பார்த்தேன், முருகனை நினைத்தேன், இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பு தொடங்கும் வரை தினமும் பிடித்தேன். கைகள் இரண்டும் பணியாரம் போல உப்பி, விரலை மடக்கினால் மடங்காது, மடங்கினால் நிமிராது.

இவ்வளவு பாடுபட்டுப் படிக்கப் போகிறாயே, உனக்குப் பௌதிகத்தின் மேல் அத்தனை ஆசையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்குப் பௌதிகத்தின் மேல் ஆசையே கிடையாது. லுணுகலை மேல் பயம். அவ்வளவுதான்.

லுணுகலையில் எங்களுக்கு இன்னொரு கடை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் பெரியப்பா. அவர் வாய் திறந்தால் அது பிழை பிடிப்பதற்காகத்தான். சோற்றைப் பிசையும் விதம், செருப்பைக் கழற்றி வைக்கும் விதம், கும்பிடும்போது கண்ணை மூடும் விதம், எல்லாவற்றிலும் ஒரு பிழை அவருக்குக் கிடைக்கும். அவரிடம் வேலை செய்த கணக்கப்பிள்ளை ஒருவர் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் சொன்ன வேடிக்கைக்கு எல்லோரும் சிரித்தபோது, அவர் மட்டும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு லுணுகலை என்ற பெயரைக் கேட்டாலே நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

அப்பா நேராகவே சொல்லிவிட்டார்.

"பாதிரிமாரு பள்ளிக்கூடத்துல என்னமோ புதுப் படிப்புங்கற. சரி, படி. அந்த வகுப்புல நிக்கிற வரைக்கும் நில்லு. என்னைக்குத் தள்ளி விடுறாங்களோ, மறுநாள் காலையில லுணுகலை வண்டியில ஏறிடணும். அண்ணன் ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"தள்ள மாட்டாங்கப்பா."

"தள்ளலைன்னா நல்லது. சிலுவையைக் கிலுவையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தா, அப்பவும் லுணுகலைதான்."

ஆக, ஒரு பக்கம் மின்சாரம், ஒரு பக்கம் பெரியப்பா. நான் மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெரியப்பாவைத் தெரிந்த எவனும் அதைத்தான் தேர்ந்தெடுப்பான்.

முதல் நாள் வந்தது. வகுப்பு நடந்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த கொட்டகையில். பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் குலுங்கி வந்த பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒரு பெட்டிக்குள் கண்ணாடிச் சக்கரம் ஒன்று தெரிந்தது. சிநேகிதன் என் விலாவில் இடித்து, "மின்சாரம் அதுலதான் வருது" என்றான். எனக்கு வேட்டி நனையாமல் இருந்தது முருகன் அருள்.

ஆசிரியர் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி உடம்பு, பெரிய தலைப்பாகை, எட்ட இருந்து பார்த்தால் ஆணியில் மாட்டியது போல இருக்கும். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். கோபமோ கேலியோ வந்தால் மட்டும் தமிழுக்கு இறங்குவார். அவர் வந்ததும் நான் எழுந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டினேன். சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற எண்ணம்.

அவர் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தமிழுக்கு இறங்கினார்.

"கைக்கு என்ன நடந்தது, ஐசே?"

"செந்தட்டி பிடிச்சேங்க சேர்."

"ஏன் பிடிச்சனீர்?"

"பௌதிகத்துக்குங்க சேர்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சிநேகிதன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தவன், சிரிப்பு ஓயும் வரை நிமிரவில்லை. ஆசிரியர் சிரிக்கவில்லை. "இரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடிச் சக்கரத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் வேறொரு பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் கூண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கூண்டுக்குள் ஒரு தராசு.

இப்போது நான் சிரித்தேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. இதற்காகவா அத்தனை செந்தட்டி!

"என்ன சிரிப்பு?"

"தராசுங்க சேர்."

"ஓம், தராசுதான். முந்திக் கண்டதில்லையோ?"

"எங்க கடையில மூணு இருக்குங்க சேர்."

"அப்ப நீர் எனக்குப் படிப்பிக்கலாம் போல கிடக்கு."

பிறகு அவர் வகுப்பின் சட்டத்தைச் சொன்னார். ஆளுக்கொரு பித்தளைத் துண்டு தருவார். ஒவ்வொன்றின் எடையும் அவருக்கு மனப்பாடம். நாம் அந்தத் தராசில் நிறுத்து அவரிடம் சொல்ல வேண்டும். எத்தனை தரம் வேண்டுமானாலும் நிறுக்கலாம். மாதம் முடிவதற்குள் சரியான எடையைச் சொல்லாதவன் இந்த வகுப்பைவிட்டுப் போக வேண்டியதுதான். "ஒரு துண்டை நிறுக்கத் தெரியாதவனுக்கு உலகத்தை அளந்து காட்ட என்னால ஏலாது" என்றார்.

நான் சிநேகிதன் பக்கம் திரும்பினேன். "போன வருஷம் உன்னை வெளிய அனுப்புனது இதுக்குத்தானாடா?"

அவன் மேசையின் கீறலை ஆராய்ந்துகொண்டே, "கத்தவும் செஞ்சேன்" என்றான். "துண்டு கால்ல விழுந்துச்சு."

அந்த வினாடியில் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நிறுப்பது! நான் நடக்கப் பழகியதே கடைத் தராசின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான். சீனியும் பருப்பும் கருவாடும் செத்தல் மிளகாயும் ராத்தல் ராத்தலாக என் கையால் போயிருக்கின்றன. வக்கீல் மகனும் கிளாக்கர் மகனும் திணறட்டும். லுணுகலைக்கு இந்தப் பிறவியில் போகப் போவதில்லை என்று முடிவு கட்டினேன்.

தராசின் நடுவில் ஒரு நீண்ட முள் தொங்கும். அது கீழேயுள்ள கோட்டின் நடுவில் நின்றால்தான் நிறை சரி. "தட்டைப் பார்க்க வேண்டாம், முள்ளைப் பாரும்" என்று ஆசிரியர் எல்லோருக்கும் சொன்னார். அது புதியவர்களுக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன். படகோட்டிக்குத் துடுப்பைக் காட்டுவார்களா? நான் தட்டுகளைப் பார்த்தே நிறுத்தேன். ஒரு தட்டில் துண்டு, மறு தட்டில் படிக்கற்கள். படிக்கற்களில் புளியங்கொட்டை அளவும் உண்டு, கொத்தமல்லியைவிடச் சிறியதும் உண்டு. சிறு இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். என் பணியார விரல்கள் இடுக்கியைப் பிடித்த அழகைப் பார்த்து முன்வரிசை தன் வேலையை விட்டுவிட்டது. ஆனாலும் முடித்தேன். கடைக்காரன் முடிப்பான்.

ஆசிரியரிடம் போய் எடையைச் சொன்னேன்.

"குறைவு" என்றார்.

திரும்பப் போய் நிறுத்தேன். அதே எடை வந்தது. திரும்பப் போய்ச் சொன்னேன்.

"குறைவு."

அந்த வாரத்தில் வக்கீல் மகன் தேறினான். கிளாக்கர் மகன் தேறினான். போன வருடம் காலில் போட்டுக்கொண்ட என் சிநேகிதனும் தேறிவிட்டு, பூனை மீனைத் தின்ற மாதிரி வந்து உட்கார்ந்தான். எனக்கு மட்டும் குறைவு. கை வீக்கம் வற்றியது. அப்போதும் குறைவு. மூச்சுக் காற்று பட்டுத் தட்டு ஆடுகிறது என்று நினைத்து மூச்சை அடக்கி நிறுத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்து, கூண்டின் மேல் நெற்றி மோதியது. அப்போதும் அதே குறைவு. ஆற்றுக் காற்று என்று சந்தேகப்பட்டுச் சன்னலைச் சாத்தினேன். துண்டைத் திருநீறு போட்டுத் துடைத்தேன். ஆசிரியர் அதையும் பார்த்துவிட்டார். சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். தேங்காய் அழகாக இரண்டாகப் பிளந்தது, எடை மட்டும் நகரவில்லை.

மாதம் முடியப் போகிறது. அப்பாவின் காதுக்கு யாரோ சேதி கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் பெரியப்பாவுக்கு ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டார். என் தகரப் பெட்டிக்குக் கயிறு எடுத்து வைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். பயத்தில் மனிதனுக்கு வருகிற யோசனை எப்படியிருக்கும் என்பதற்கு நானே சாட்சி. வெள்ளிக்கிழமை ஆசிரியரிடம் போய் நின்றேன்.

"சேர், துண்டு தேயுதுங்க."

"என்ன?"

"நான் துடைக்கத் துடைக்கத் தேயுதுங்க. அதுனாலதான் குறையுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒவ்வொரு தரமும் ஒரே அளவுதானே குறையுது? தேயிற சாமான் அப்பிடி ஒரே அளவில நிண்டு தேயாது. தேயிறது வேற ஏதோ." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டாத குறை. பிறகு கொஞ்சம் தணிந்து, "திங்கட்கிழமை கடைசி நாள். உம்மட பிழை ஒழுங்கான பிழை. ஒழுங்கான பிழைக்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடும்" என்றார்.

நடுவே ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறென்றால் ஸ்பிரிங்வெளியிலிருந்தும் மற்றத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சாமான் வாங்க இறங்கும் நாள். கடை நிறைந்து வழியும். தராசு என் கையில். மறுநாளைக்குப் பழகிக்கொள்ளலாமே என்று அன்றைக்கு முதல்முறையாகக் கடைத் தராசின் முள்ளைக் கவனித்து நிறுக்க ஆரம்பித்தேன். ஸ்பிரிங்வெளி அம்மா ஒருத்தி கருவாடு கேட்டாள். போட்டேன். முள் நடுவுக்கு வந்து நின்றது. கையை எடுத்தேன். காகிதத்தில் கட்டப்போனேன்.

"என்னாங்க சின்ன மொதலாளி, தராசு செத்துப்போச்சா?" என்றாள் அந்த அம்மா.

"ஏன்? சரியாத்தானே இருக்கு?"

"என்னா சரி? தட்டு அசைய மாட்டேங்குது! வெளியூர்க் கடையில போட்ட மாதிரி போடுறீங்க. நாங்க என்ன ஒங்களுக்குப் பகையாளியா?"

பின்னாலிருந்து இன்னொருத்தி குரல் கொடுத்தாள். "சின்ன மொதலாளிக்குக் கல்யாணம் பேசுறாங்க போலருக்கு. இப்பவே சேக்குறாரு."

கடை முழுக்கச் சிரிப்பு. அப்பா சத்தம் கேட்டு ஓடி வந்தார். தராசைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனது. ஒரு கைக் கருவாட்டை அள்ளித் தட்டில் போட்டார். கருவாட்டுத் தட்டு கீழே இறங்கி நின்றது.

"இப்பத்தான் நெறுவை" என்றாள் அந்த அம்மா.

எனக்கும் அப்போதுதான் அது சரியாகத் தெரிந்தது. அதுதான் விஷயம். தட்டுச் சரிந்து நின்றபோதுதான் என் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தது! நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் கடையில் சாமான் தட்டு தாழ்ந்து நின்றால்தான் நிறுவை முடிந்தது என்று பொருள். நடுவில் நின்றால் வாங்க வந்தவரை அவமதித்தது போல. அந்தச் சரிவு என் கண்ணில் ஊறிப்போயிருந்தது. பித்தளைத் துண்டையும் நான் அப்படித்தான் நிறுத்திருக்கிறேன். பித்தளைக்கு மேல் பித்தளை அள்ளிப்போட வழியில்லை. அதனால் துண்டு இருந்த தட்டு கீழே இறங்கும்வரை எதிர்த்தட்டிலிருந்து படிக்கற்களை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எடை குறையாமல் என்ன செய்யும்? ஒரு மாதமாக அந்தப் பித்தளைத் துண்டுக்குக் கொசுறு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, என்னைக் கெடுத்தது நீங்கதான்!" என்று கத்திவிட்டேன்.

"என்னடா சொல்ற?"

கூட்டம் குறைந்த பிறகு விளக்கமாகச் சொன்னேன். அப்பா நிதானமாகக் கேட்டார். அவருக்குக் கோபம் என்மேல் இல்லை, ஆசிரியர் மேல்.

"நட்டநடுவுல முள்ள நிறுத்துறவன் ஒரு மனுசனா? அந்த வாத்தியார் ஒரு நாளைக்கு நம்ம கடைக்குச் சாமான் வாங்க வரட்டும். அவருக்கு நடுவுல நிறுத்திக் குடுப்போம். அப்பத் தெரியும்."

"அவருக்கு அதுதாம்ப்பா சந்தோசம்."

அப்பா நம்பவில்லை. அப்படியும் ஒரு மனிதன் உலகத்தில் இருப்பான் என்பது அவருக்குப் பௌதிகத்தைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் பேச்சை மாற்றவில்லை. வண்டி செவ்வாய்க்கிழமை காலை. பெட்டி கட்டியது கட்டியதுதான்.

காரணம் தெரிந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் என் கையோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். திங்கட்கிழமை கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். துண்டை வைத்தேன், படிக்கற்களை ஏற்றினேன். முள் நடுவை நெருங்கியது. தட்டுகள் மட்டமாக நின்றன. அந்த மட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது. ஸ்பிரிங்வெளி அம்மா எதிரே நின்று முறைப்பது போலிருந்தது. நான் நினைப்பதற்குள் கை ஒரு சின்னப் படிக்கல்லை எடுத்துவிட்டது. திரும்ப வைத்தேன். திரும்பவும் எடுத்தது. என் கை என் அப்பாவின் கை. நான் சொன்னால் கேட்குமா? வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. அது தட்டில் விழுந்தால் எந்தப் பக்கத்துக் கணக்கில் சேரும் என்ற கவலை வேறு.

சிநேகிதன் பக்கத்தில் வந்து நின்றான். "தட்டைப் பாக்காதடா."

"கண்ணு போகுதே!"

"போற கண்ணை நான் மறைக்கிறேன்" என்று தன் கணக்குப் புத்தகத்தை விரித்துக் கூண்டில் துண்டு இருந்த பக்கத்துக்கு முன்னால் பிடித்தான். துண்டிருந்த தட்டின் பாதியும் முள்ளின் நுனியும் தெரிந்தன. "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றேன். நகர்த்தினான். இப்போது அந்தத் தட்டு மறைந்து முள் தெரிந்தது.

"அங்க என்ன திரை கட்டுறியள்?" ஆசிரியர் குரல்.

"சேர், இவனுக்குத் தட்டு தெரிஞ்சா கை தாராளமாப் போயிடுதுங்க" என்றான் சிநேகிதன். கடைப் பழக்கத்தையும் கருவாட்டையும் பித்தளைக்கான கொசுறையும், எனக்குச் சாதகமாக நினைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொல்லி முடித்தான். நான் தலை நிமிரவில்லை.

 ஆசிரியர் தலைப்பாகையைக் கழற்றி மேசையில் வைத்தார். அதை அவர் கழற்றி அன்றுதான் பார்த்தோம்.

"எல்லாத் தரமும் ஒரே அளவு கொசுறோ?"

"ஆமாங்க சேர்."

"புத்தகத்தை ஆட்டாமப் பிடியும்" என்று சிநேகிதனிடம் சொன்னார். "நீர் நிறும்."

முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு நிறுத்தேன். ஒரு படிக்கல் வைத்தேன். இன்னொன்று வைத்தேன். முள் இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் போய், ஆட்டம் குறைந்து நடுவில் நின்றது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், திரும்ப ஏதாவது செய்துவிடப் போகிறதே என்று. சிநேகிதன்தான் படிக்கற்களைக் கூட்டினான். கூட்டலில் என்னை நம்ப அவன் தயாராக இல்லை. நான் எடையைச் சொன்னேன்.

"சரி" என்றார் ஆசிரியர்.

பௌதிக வகுப்பில் நிலைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை லுணுகலை வண்டி நான் இல்லாமல் போனது.